பழைய பெட்ரோல் பங்க் நிலத்தில் வீடு கட்டலாமா? மண்ணுக்கு அடியில் பார்க்க வேண்டியவை என்ன?

புது தில்லி: நகரின் மையப் பகுதியில், பிரதான சாலையின் முனையில் ஒரு மனை விற்பனைக்கு வந்தால் அதற்குப் போட்டி ஏற்படுவது இயல்பு. ஆனால், அந்த மனையில் பல ஆண்டுகள் பெட்ரோல் பங்க் இயங்கியிருந்தால், விலை பேசுவதற்கு முன்பே விடை காண வேண்டிய கேள்வி ஒன்று உள்ளது. தரைக்கு அடியில் என்ன எஞ்சியிருக்கிறது என்பதே அந்தக் கேள்வி.

பெட்ரோல் நிரப்பும் இயந்திரங்களும் மேற்கூரையும் அகற்றப்பட்ட பிறகு, அந்த இடம் சாதாரணக் காலி மனையைப் போலவே தோற்றமளிக்கும். மண்ணின் நிறத்திலோ, மேற்பரப்பிலோ மாற்றம் எதுவும் தெரியாமல் போகலாம். எனினும், சில அடி ஆழத்தில் கசிந்த எரிபொருள் பல ஆண்டுகள் தங்கியிருக்கக்கூடும். அது நிலத்தடி நீரிலும், பின்னர் எழும் கட்டடத்தின் அடித்தளத்திலும் பாதிப்பை ஏற்படுத்தும் வாய்ப்பு உண்டு.

இத்தகைய நிலங்களை ஆய்வு செய்து, எந்தப் பயன்பாட்டுக்கு ஏற்றவை என்று தீர்மானிக்கும் முறை அமெரிக்காவில் கடந்த 40 ஆண்டுகளில் படிப்படியாக உருவானது. இந்தியாவில் மாசடைந்த நிலங்களை நிர்வகிப்பதற்கான தனி விதிகள் 2025 ஜூலையில் அறிவிக்கப்பட்டன. ஆய்வு எவ்வாறு நடைபெறுகிறது, அதன் முடிவுகளை எப்படிப் புரிந்துகொள்வது என்பதை இங்கே காணலாம்.

இந்தியாவில் இந்தக் கேள்வி ஏன் எழுகிறது?

நாட்டில் சுமார் 1 லட்சம் பெட்ரோல் விற்பனை நிலையங்கள் உள்ளன. இவற்றில் பழைய நகரப் பகுதிகளில் உள்ள பல நிலையங்கள், தனியாரிடம் நீண்டகாலக் குத்தகைக்கு எடுக்கப்பட்ட நிலங்களில் தொடங்கப்பட்டவை. எஸ்ஸோ, பர்மா ஷெல், கால்டெக்ஸ் ஆகிய வெளிநாட்டு நிறுவனங்களின் இந்தியச் சொத்துகளை 1974 முதல் 1977 வரை இயற்றப்பட்ட சட்டங்களின் மூலம் மத்திய அரசு கையகப்படுத்தியபோது, அந்தக் குத்தகை உரிமைகளும் பொதுத்துறை நிறுவனங்களுக்கு மாறின.

குத்தகைக் காலம் முடிந்த பின் நிலத்தைத் திரும்பப் பெற உரிமையாளர்கள் தொடுத்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை சென்றுள்ளன. சாலை விரிவாக்கம், மெட்ரோ ரயில் பணி போன்ற காரணங்களாலும் பங்க்குகள் மூடப்படுகின்றன. இவ்வாறு கைக்கு வரும் நிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு, உணவகம், மருத்துவமனை, பள்ளி என எதுவும் எழக்கூடும்.

புதிய பெட்ரோல் நிலையங்கள் பள்ளிகள், 10 மற்றும் அதற்கு மேற்பட்ட படுக்கைகள் கொண்ட மருத்துவமனைகள், குடியிருப்புப் பகுதிகள் ஆகியவற்றில் இருந்து 50 மீட்டர் தொலைவில் அமைய வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. இட நெருக்கடி உள்ள இடங்களிலும் இந்தத் தொலைவு 30 மீட்டருக்குக் குறையக் கூடாது. இயங்கும் பங்க்குக்கும் குடியிருப்புக்கும் இடையே இத்தனை இடைவெளி தேவை எனில், மூடப்பட்ட பங்க்கின் மீதே குடியிருப்பு எழும்போது கூடுதல் கவனம் தேவை என்பது தெளிவு.

கசிவு எப்படி நிகழ்கிறது?

பெட்ரோலும் டீசலும் தரைக்கு அடியில் புதைக்கப்பட்ட தொட்டிகளில் சேமிக்கப்படுகின்றன. பழைய தொட்டிகளில் பெரும்பாலானவை ஒற்றைச் சுவர் கொண்ட எஃகுத் தொட்டிகள். ஈரமான மண்ணில் பல்லாண்டுகள் இருக்கும்போது எஃகு துருப்பிடித்து, ஊசிமுனை அளவிலான துளைகள் விழும். தொட்டியைக் காட்டிலும், அதிலிருந்து விநியோக இயந்திரத்துக்குச் செல்லும் குழாய்களின் இணைப்புகளில் கசிவு ஏற்படுவதும் உண்டு. டேங்கர் லாரியில் இருந்து எரிபொருளை இறக்கும்போது சிந்துவது மற்றொரு காரணம்.

இந்தக் கசிவு வெளியே தெரியாமல் போவதற்குக் காரணம் அதன் அளவு. நொடிக்கு ஒரு துளி வீதம் கசிந்தால், ஒரு நாளில் சுமார் 4 லிட்டர் வெளியேறும். நாளொன்றுக்கு 5,000 லிட்டர் விற்கும் நிலையத்தில் இது 0.1 சதவீதத்துக்கும் குறைவு. ஆவியாதல், வெப்பநிலை மாற்றம் ஆகியவற்றால் ஏற்படும் வழக்கமான இருப்பு வேறுபாட்டுக்குள் இந்த இழப்பு மறைந்துவிடும். ஆனால், ஓராண்டில் அது சுமார் 1,500 லிட்டராகிறது.

ஒரு லிட்டர் பெட்ரோலால் எவ்வளவு நீர் பாதிக்கப்படும்?

பெட்ரோலில் பென்சீன், டொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன் ஆகிய வேதிப்பொருட்கள் உள்ளன. இவற்றில் பென்சீன் மனிதர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியுள்ளது. குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கும் உச்ச அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அமெரிக்காவின் வரம்பு அதில் பாதி, அதாவது 5 மைக்ரோகிராம்.

இந்தியாவில் விற்கப்படும் பெட்ரோலில் பென்சீன் அதிகபட்சம் 1 சதவீதம் இருக்கலாம். அந்த உச்ச அளவில், ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 8.8 கிராம் பென்சீன் இருக்கும். அது முழுவதும் நீரில் கரைந்தால், கணக்கின்படி 8.8 லட்சம் லிட்டர் நீரை உலக சுகாதார அமைப்பின் வரம்புக்குக் கொண்டுவரப் போதுமானது. சிறிய கசிவையும் நிபுணர்கள் புறக்கணிக்காததற்கு இதுவே காரணம்.

நிலையத்தின் வயதும் முக்கியமானது. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை 2000 பிப்ரவரியில் முடிவுக்கு வந்தது. அதற்கு முன் இயங்கிய நிலையங்களின் மண்ணில் ஈயத்தையும் சோதிக்க வேண்டும். வாகனப் பழுதுபார்ப்புக் கூடம் இணைந்திருந்தால், கழிவு எண்ணெயும் உலோகங்களைச் சுத்தம் செய்யும் கரைப்பான்களும் சோதனைப் பட்டியலில் சேரும்.

முதல் கட்டம்: நிலத்தின் வரலாறு

ஆய்வின் முதல் கட்டத்தில் மண் தோண்டப்படுவதில்லை. ஆவணங்களைப் படிப்பது, இடத்தை நேரில் பார்ப்பது, விவரம் அறிந்தவர்களிடம் விசாரிப்பது ஆகியவையே பணி. அமெரிக்காவில் ஏஎஸ்டிஎம் என்ற தர நிர்ணய அமைப்பின் இ1527 நெறிமுறைப்படி இது நடைபெறுகிறது. அங்கு நகரங்களின் கட்டடங்களைத் துல்லியமாகக் குறித்த சான்பார்ன் தீக்காப்பீட்டு வரைபடங்கள், பல பத்தாண்டுகளுக்கு முந்தைய பெட்ரோல் தொட்டிகளின் இடத்தைக் கண்டறிய இன்றும் உதவுகின்றன.

இந்தியாவில் இதற்கு இணையாகப் பயன்படும் ஆவணங்கள் உள்ளன. பெட்ரோலியம் சேமிக்க உரிமம் வழங்கும் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு அங்கீகரித்த வரைபடத்தில் தொட்டிகளின் எண்ணிக்கை, கொள்ளளவு, இருப்பிடம் ஆகியவை குறிக்கப்பட்டிருக்கும். எண்ணெய் நிறுவனத்தின் இருப்புப் பதிவேடுகள், தொட்டி மாற்றப்பட்ட விவரங்கள், பத்திரப்பதிவு ஆவணங்கள், பழைய செயற்கைக்கோள் படங்கள் ஆகியவையும் உதவும்.

நேரடி ஆய்வில், தரையில் துருத்தி நிற்கும் எரிபொருள் நிரப்பு குழாய், சுவரோரம் உயர்ந்து நிற்கும் காற்றுப்போக்குக் குழாய், கான்கிரீட்டில் புதிதாக ஒட்டுப்போட்ட பகுதி போன்றவை கவனிக்கப்படுகின்றன. நிலையத்தில் நீண்ட நாள் பணியாற்றியவர்களும் அண்டை வீட்டாரும் தரும் தகவல்கள் பெரிதும் பயன்படும். கிணற்று நீரில் எப்போதாவது பெட்ரோல் வாடை வந்ததா என்ற ஒரு கேள்வி, அடுத்த கட்ட ஆய்வின் திசையையே மாற்றக்கூடும்.

இரண்டாம் கட்டம்: மண், நீர் மாதிரிகள்

வரலாற்றில் ஐயத்துக்கு இடம் இருந்தால் மாதிரி சேகரிப்பு தொடங்கும். மறந்துபோன தொட்டிகள் புதைந்துள்ளனவா என்பது தரை ஊடுருவும் ரேடார், காந்தமானி ஆகிய கருவிகளால் முதலில் கண்டறியப்படுகிறது. பின்னர் தொட்டிகள் இருந்த குழி, குழாய் சென்ற பாதை, விநியோக இயந்திரங்களின் அடிப்பகுதி, எரிபொருள் இறக்கிய இடம் ஆகியவற்றில் துளையிடப்படுகிறது.

வெளியே எடுக்கப்படும் மண்ணில் ஆவி இருக்கிறதா என்பது கைக்கருவியால் உடனடியாகப் பார்க்கப்படும். அதிக ஆவி காணப்படும் ஆழத்தில் இருந்து மாதிரி எடுக்கப்பட்டு ஆய்வகத்துக்கு அனுப்பப்படும். பென்சீன் எளிதில் ஆவியாகும் என்பதால், நீர் மாதிரிகள் கண்ணாடிக் குப்பியில் காற்றுக்கு இடமின்றி நிரப்பப்பட்டு, குளிர்ச்சியான பெட்டியில் கொண்டு செல்லப்பட வேண்டும். சாதாரண பிளாஸ்டிக் பாட்டிலில், வெயிலில் எடுத்துச் செல்லப்பட்ட மாதிரியில் பென்சீன் இல்லை என்று முடிவு வந்தால், அதை நம்ப இயலாது.

நிலத்தடி நீர் ஓடும் திசையைக் கணிக்கக் குறைந்தது 3 கண்காணிப்புக் கிணறுகள் தேவை. ஒரே வரிசையில் அமையாத மூன்று புள்ளிகளின் நீர்மட்டம் தெரிந்தால்தான் சரிவின் திசை புலப்படும். மாசு மனையின் எல்லையைக் கடந்து அண்டை வீட்டுக் கிணற்றை நோக்கிச் செல்கிறதா என்பதற்கு இந்தத் தரவே பதில் அளிக்கும்.

பருவமழையின் பங்கு

பெட்ரோல் நீரைவிட இலேசானது. எனவே அது நிலத்தடி நீரின் மேல் படலமாக மிதக்கும். பருவமழையில் நீர்மட்டம் உயரும்போது படலமும் உயர்கிறது. கோடையில் நீர் இறங்கும்போது படலமும் இறங்குகிறது. ஒவ்வொரு முறையும் இடைப்பட்ட மண்ணில் எரிபொருள் ஒட்டிக்கொள்கிறது. இதனால் பாதிக்கப்பட்ட மண்ணின் தடிமன் ஆண்டுதோறும் கூடக்கூடும்.

நீர்மட்டம் பல மீட்டர் ஏறி இறங்கும் இந்தியச் சூழலில், ஒருமுறை மட்டும் எடுக்கப்படும் மாதிரி முழு நிலவரத்தைக் காட்டாது. மழைக்கு முன்பும் பின்பும் அளவிடுவதே பொருத்தமானது.

பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனாலும் கணக்கில் கொள்ள வேண்டிய ஒன்று. மண்ணில் உள்ள நுண்ணுயிரிகள் முதலில் எத்தனாலைச் சிதைத்து ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. அதனால் பென்சீன் சிதைவது தாமதமாகி, அது கூடுதல் தொலைவுக்குப் பரவ வாய்ப்பு ஏற்படுகிறது.

கட்டடத்துக்குள் நுழையும் ஆவி

குடிநீர் குழாய் வழியே வருகிறது, கிணற்றைப் பயன்படுத்தவில்லை என்பதால் மட்டும் ஆபத்து நீங்கிவிடாது. மண்ணில் உள்ள எரிபொருள் ஆவியாகி, தரைத்தள விரிசல்கள், குழாய்கள் நுழையும் இடைவெளிகள் வழியாகக் கட்டடத்துக்குள் வரலாம். தரைக்குக் கீழே வாகன நிறுத்துமிடம் அமைக்கும்போது, கட்டடம் மாசுக்கு மேலும் நெருங்குகிறது.

இதில் ஆறுதலான அம்சமும் உண்டு. ஆக்சிஜன் உள்ள தூய மண்ணைக் கடக்கும்போது பெட்ரோலிய ஆவியை நுண்ணுயிரிகள் சிதைத்துவிடுகின்றன. அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி, மாசு நீரில் கரைந்த நிலையில் இருந்தால் கட்டடத்துக்குக் கீழே 6 அடியும், எரிபொருள் படலமாகவே இருந்தால் 15 அடியும் தூய மண் இடைவெளி இருப்பது பொதுவாகப் போதுமானது. அடித்தளத்தின் ஆழத்தை முடிவு செய்வதற்கு முன்பே ஆய்வு நடைபெற வேண்டியதன் அவசியத்தை இது உணர்த்துகிறது.

முடிவுகளை எப்படிப் புரிந்துகொள்வது?

ஆய்வறிக்கை, நிலம் தூய்மையானதா இல்லையா என்ற ஒற்றை விடையைத் தருவதில்லை. மாசு எங்கே உள்ளது, அது எந்த வழியில் நகரும், யாரைச் சென்றடையும் என்ற மூன்று கேள்விகளுக்கும் சேர்த்துப் பதில் தேடுகிறது. மூன்றில் ஒன்றைத் துண்டித்தாலும் ஆபத்து குறையும்.

ஆகவே, ஒரே நிலம் ஒரு பயன்பாட்டுக்கு ஏற்றதாகவும் மற்றொன்றுக்கு ஏற்காததாகவும் இருக்கலாம். கான்கிரீட் தளம் கொண்ட வாகன நிறுத்துமிடத்துக்குப் போதுமான நிலை, குழந்தைகள் மண்ணில் விளையாடும் பூங்காவுக்கோ, ஆழ்துளைக் கிணற்றை நம்பும் குடியிருப்புக்கோ போதாது.

தேவைப்படும் இடத்தில் சுத்திகரிப்புக்குப் பல வழிகள் உள்ளன. பாதிக்கப்பட்ட மண்ணைத் தோண்டி அகற்றுவது விரைவானது. ஆனால் அந்த மண்ணை முறைப்படி வேறிடத்தில் கையாள வேண்டும். மண்ணில் உள்ள ஆவியை உறிஞ்சி எடுப்பது, நிலத்தடி நீருக்குள் காற்றைச் செலுத்துவது, நுண்ணுயிரிகளின் செயல்பாட்டைத் தூண்டுவது ஆகியவை மாதங்களோ ஆண்டுகளோ எடுக்கும். அண்டைக் கிணறுகளுக்கு ஆபத்து இல்லாத இடங்களில், இயற்கையாகச் சிதைவதைத் தொடர்ந்து கண்காணிப்பதும் ஏற்கத்தக்க முறையே.

தாமதத்தின் விலை

கசிவைத் தாமதமாக அறிவதால் ஏற்படும் இழப்புக்கு அமெரிக்காவின் சாண்டா மோனிகா நகரம் எடுத்துக்காட்டு. பெட்ரோலில் சேர்க்கப்பட்ட எம்டிபிஇ என்ற வேதிப்பொருள், தரையடித் தொட்டிகளில் இருந்து கசிந்து நகரின் குடிநீர்க் கிணறுகளில் கலந்தது. 1996-இல் கிணறுகள் மூடப்பட்டபோது, நகரின் நீர் வழங்கலில் ஏறத்தாழ பாதி இழக்கப்பட்டது. வெளியில் இருந்து நீரை விலைக்கு வாங்கும் நிலை ஏற்பட்டது.

அந்நாட்டில் தரையடித் தொட்டிகளை ஒழுங்குபடுத்த 1984-இல் சட்டத் திருத்தம் கொண்டுவரப்பட்டது. பழைய தொட்டிகளை மேம்படுத்தவோ, மாற்றவோ, மூடவோ 1998 டிசம்பர் 22 வரை அவகாசம் அளிக்கப்பட்டது. திட்டம் தொடங்கியதில் இருந்து 5.5 லட்சத்துக்கும் அதிகமான கசிவுகள் உறுதி செய்யப்பட்டுள்ளன. கைவிடப்பட்ட நிலங்களை மீட்பதற்கான 2002-ஆம் ஆண்டுச் சட்டம், பெட்ரோலியத்தால் மாசடைந்த இடங்களுக்கும் ஆய்வு நிதி கிடைக்க வழிவகுத்தது. உரிய விசாரணையை முன்கூட்டியே செய்த நிலம் வாங்குவோருக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு.

இந்தியாவுக்கும் இந்த ஆபத்து புதிதல்ல. சென்னை தண்டையார்பேட்டையில் 2013-இல் தரையடி எண்ணெய்க் குழாயில் ஏற்பட்ட கசிவால், குடியிருப்புகளின் ஆழ்துளைக் கிணற்று நீரில் பெட்ரோலியப் பொருட்கள் கலந்தன. அது பெட்ரோல் பங்க் அல்ல. எனினும், நகர மண்ணில் கசிந்த எரிபொருள் வீட்டுக் கிணறு வரை செல்லும் என்பதை அந்த நிகழ்வு காட்டியது. அந்த விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் விசாரணைக்கும் சென்றது.

புதிய விதிகள் சொல்வது என்ன?

சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2025 ஜூலையில் அறிவிக்கப்பட்ட மாசடைந்த நிலங்கள் மேலாண்மை விதிகளின்படி, மாசடைந்ததாக ஐயம் எழும் இடங்கள் குறித்து மாவட்ட நிர்வாகம் அரையாண்டுக்கு ஒருமுறை அறிக்கை தயாரிக்க வேண்டும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அல்லது நிபுணர் அமைப்பு 90 நாட்களுக்குள் முதற்கட்ட மதிப்பீடு செய்யும். தேவைப்பட்டால் விரிவான ஆய்வுக்கு மேலும் 3 மாதங்கள் உண்டு. மாசு உறுதியானால் அந்த இடம் பொதுமக்களுக்கு அறிவிக்கப்படும். மாசுக்குப் பொறுப்பானவர் அடையாளம் காணப்பட்டு, சுத்திகரிப்புச் செலவு அவரிடம் வசூலிக்கப்படும்.

ஆனால், இந்த நடைமுறை மாவட்ட நிர்வாகத்தின் அறிக்கையில் இருந்து தொடங்குகிறது. தனிநபர் ஒருவர் நிலம் வாங்கும்போது அது தானாகத் தொடங்கிவிடாது. மேலும், 20 அல்லது 30 ஆண்டுகளுக்கு முன் நடந்த கசிவுக்கு எண்ணெய் நிறுவனம், விற்பனையாளர், நில உரிமையாளர் ஆகியோரில் யார் பொறுப்பு என்று நிறுவுவது எளிதல்ல. பத்திரம் பதிவாகி, அடித்தளம் தோண்டிய பின் மாசு தெரியவந்தால், முதலில் பாதிக்கப்படுபவர் நிலத்தை வாங்கியவரே.

வாங்குவோரும் உரிமையாளரும் கவனிக்க வேண்டியவை

* எத்தனை தொட்டிகள் இருந்தன, அவை அகற்றப்பட்டனவா, உள்ளேயே நிரப்பி மூடப்பட்டனவா என்பதற்கு எழுத்துபூர்வ ஆவணம் பெற வேண்டும்.

* தொட்டிகளை வெளியே எடுக்கும் நாளே மாதிரி சேகரிக்க ஏற்ற தருணம். குழியை மண்ணால் மூடிவிட்டால், அதே தகவலைப் பெறக் கூடுதல் செலவு ஆகும்.

* தொட்டியில் எஞ்சிய ஆவி தீப்பற்றக்கூடியது. எனவே, அதை வாயு நீக்கம் செய்யாமல் வெட்டவோ, பற்றவைக்கவோ கூடாது. பயிற்சி பெற்றவர்களே இப்பணியைச் செய்ய வேண்டும்.

* குத்தகை முடிந்து நிலத்தைப் பெறும் உரிமையாளர், ஒப்படைப்புக்கு முன் மண், நீர் ஆய்வறிக்கையைக் கோரலாம். புதிய குத்தகை ஒப்பந்தமாயின், தொடக்க நிலை ஆய்வையும் முடிவு நிலை ஆய்வையும் நிபந்தனையாகச் சேர்ப்பது பின்னாளில் எழும் தகராறைத் தவிர்க்கும்.

* ஆய்வகம் என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்றதா, பென்சீன் உள்ளிட்ட குறிப்பிட்ட சோதனைகளுக்கு அந்த அங்கீகாரம் பொருந்துமா என்று சரிபார்க்க வேண்டும்.

* அண்டை வீட்டார் தங்கள் கிணற்று நீரில் எரிபொருள் வாடையை உணர்ந்தால், அந்த நீரைப் பயன்படுத்துவதை நிறுத்தி, மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் தெரிவிக்க வேண்டும்.

முறையான ஆய்வுக்குப் பின் பழைய பெட்ரோல் நிலையங்கள் கடைகளாகவும், அலுவலகங்களாகவும், குடியிருப்புகளாகவும் மாறுவது உலகெங்கும் நடைபெறுகிறது. பெட்ரோல் பங்க் இருந்த நிலம் என்பதாலேயே அதை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஆனால், கட்டட வரைபடத்தைத் தயாரிக்கும் முன்பே மண்ணின் ஆய்வறிக்கை கையில் இருக்க வேண்டும்.